அச்சில் உள்ளபடி

ஆறு பள்ளிக்கூடங்களிலும் அவளுக்கு ஒரே பெயர்தான், மூட்டை டீச்சர். வைத்தவர்கள் பிள்ளைகள். தோளில் ஒரு பை, கையில் ஒரு பை, இரண்டிலும் பிதுங்கி வழியும் வாசிப்புப் புத்தகங்கள். ஒவ்வொன்றும் பன்னிரண்டு பக்கம், அட்டையில் ஒரு நிறப் பொட்டு. சிவப்புப் பொட்டு என்றால் தொடக்க நிலை, அதற்கு மேலே மஞ்சள், பிறகு பச்சை. முதல் மாதம் அந்தப் பட்டப்பெயர் காதில் விழுந்தபோது அவளுக்குச் சுருக்கென்றது. மூன்றாவது மாதம், தோள்பட்டையில் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, பிள்ளைகள் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று பட்டது.

வயது ஐம்பத்திரண்டு. பத்தொன்பது வருடம் மூன்றாம் வகுப்பைக் கட்டி மேய்த்தவள். ஒருநாள் காலை வருகைப் பதிவு எடுக்க வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. டாக்டர் தொண்டைக்குள் கண்ணாடியை விட்டுப் பார்த்துவிட்டு, உள்ளே இரண்டு இடத்தில் காய்ப்பு காய்த்திருக்கிறது, இனிமேல் கத்தினால் குரலை மறந்துவிட வேண்டியதுதான் என்றார். நாற்பது பிள்ளைகள் இருக்கும் அறையில் கத்தாமல் பாடம் எடுப்பது எப்படி என்று அவர் சொல்லவில்லை. அந்தச் சமயம் பார்த்துக் கல்வி அலுவலகம் புதிய வாசிப்புத் திட்டத்துக்கு ஆள் தேடியது. பிள்ளைகளோடு மல்லுக்கட்ட வேண்டாம், டீச்சர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வழிகாட்டினால் போதும் என்றார்கள். பிள்ளைகளிடம் இரண்டு தடவை சொல்வதை டீச்சர்களிடம் ஏழு தடவை சொல்ல வேண்டும் என்பது வேலையில் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

திட்டம் என்னவோ நல்ல திட்டம்தான், சும்மா சொல்லக் கூடாது. வகுப்பு மொத்தத்தையும் கோரஸாகக் கூவ விடுவதை நிறுத்திவிட்டு, ஐந்து ஐந்து பேராகப் பிரிக்க வேண்டும். ஒரு குழு டீச்சரோடு சின்ன மேசையைச் சுற்றி உட்காரும். ஒவ்வொரு பிள்ளையும் தன் நிலைக்கு ஏற்ற புத்தகத்தைத் தணிந்த குரலில் வாசிக்கும். டீச்சர் ஒரு பிள்ளை பக்கம் காதைச் சாய்த்து, தாளில் சொல்லுக்கொரு குறி போடுவார். சரியென்றால் டிக், தவறென்றால் பெருக்கல். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து டிக் விழுந்தால் அடுத்த நிறத்துக்குப் போகலாம். விழாவிட்டால் அதே நிறத்தில் இன்னும் கொஞ்ச நாள். மீதிப் பிள்ளைகள் அந்த நேரம் முழுக்கச் சத்தம் போடாமல் தங்கள் வேலையைத் தாங்களே செய்துகொண்டிருப்பார்கள் என்று கையேட்டில் போட்டிருந்தது. எந்த உலகத்துப் பிள்ளைகளைப் பார்த்து எழுதினார்களோ.

கையேடு வேறு மொழியில்தான் வந்தது. அவளும் இன்னும் இரண்டு பேரும் அலுவலகத்தின் பழைய தாள்கட்டு அறையில் உட்கார்ந்து நான்கே நாளில் தமிழில் எழுதிக் கொடுத்தார்கள். மின்விசிறி சுற்றியதைவிட முனகியதுதான் அதிகம். குறி போடும் விதிகள் அவள் பங்குக்கு வந்தன. நான்காம் நாள் மதியம், கண் செருகிக்கொண்டு வந்த நேரத்தில், முதல் விதியை ஒரே வரியில் எழுதி முடித்தாள்: அச்சில் உள்ளபடி வாசிக்கப்படாத எந்தச் சொல்லும் பிழையே. மற்ற இருவரும் கச்சிதமாக இருக்கிறது என்றார்கள். அச்சகத்தில் அதைத் தடித்த எழுத்தில் போட்டார்கள். வாழ்க்கையில் அவள் எழுதி அச்சில் வந்த முதல் வாக்கியம் அது. வீட்டுக்கு ஒரு பிரதி கொண்டுபோய் கணவரிடம் காட்டினாள். மருந்தகத்தில் நாள் முழுக்க நின்று மருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு வந்த மனிதர், காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு, ‘நல்லா பளிச்சுனு இருக்கு’ என்றார். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அந்த வருடம் இரண்டாம் பருவத்தில் ஐந்து பள்ளிகளின் எண்கள், அதாவது நிறம் தாண்டிய பிள்ளைகளின் கணக்கு, ஏறின. ஆறாவது பள்ளியில், அதுவும் ஒரே ஒரு வகுப்பில், எண் படுத்தே கிடந்தது. இரண்டாம் வகுப்பு. முப்பத்தொரு பிள்ளைகளில் இருபத்து நான்கு பேர் சிவப்பிலேயே ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வகுப்பின் டீச்சர் இருபத்திரண்டு வருடமாக அதே அறையில் இருப்பவர். அறையின் ஜன்னல் கொக்கி எது சரியாக விழும், எது விழாது என்பதுவரை அவருக்கு அத்துப்படி. திருமணம் செய்துகொள்ளவில்லை, உடன்பிறந்த தம்பி குடும்பத்தோடு இருக்கிறார். பள்ளியில் அவரைப் பற்றி எல்லோரும் ஒரு விஷயத்தை மட்டும் ஒரே மாதிரி சொன்னார்கள், அவர் பிள்ளைகள் மேல் கை வைத்ததே இல்லை. முறைத்தால் போதும், வகுப்பு கப்சிப்பென்று ஆகிவிடும். பயிற்சிக் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, கையேட்டை விசிறியாக்கி விசிறிக்கொண்டிருந்தவரும் அவர்தான்.

தலைமை ஆசிரியர் மூட்டை டீச்சரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு விஷயத்தைச் சொன்னார். பருவக் கடைசியில் கல்வி அலுவலகத்து ஆபீசர் மேடம் நேரில் வருகிறார். பாதிப் பிள்ளைகளாவது சிவப்பைத் தாண்டாவிட்டால் இரண்டாம் வகுப்பைப் புதிதாக வந்திருக்கும் இளம் டீச்சரிடம் கொடுத்துவிடுவார்கள். இந்த அம்மாளைப் புத்தக அறையில் உட்கார வைத்து நோட்டு எடுத்துக் கொடுக்கச் சொல்வார்கள். கடிதமே வந்துவிட்டது, இன்னும் அவரிடம் கொடுக்கவில்லை, நீங்கள் போய் எப்படியாவது தூக்கி நிறுத்தப் பாருங்கள் என்றார். அவர் குரலில் இருந்த கெஞ்சலைக் கேட்க மூட்டை டீச்சருக்குச் சங்கடமாக இருந்தது.

கடிதம் கையில் வராவிட்டாலும் சேதி எப்போதோ போய்ச் சேர்ந்திருந்தது. அவள் வகுப்புக்குள் நுழைந்ததும் அந்த டீச்சர் முதலில் சொன்னதே அதுதான்.

‘என்னைப் புத்தக ரூமுக்கு அனுப்பப் போறாங்களாமே. எனக்கு இந்த ரூமை விட்டா வேற எதுவும் தெரியாது டீச்சர். எங்க தப்பு பண்றேன்னு மட்டும் காட்டிக் குடுங்க, திருத்திக்கறேன்.’

விசிறிக்கொண்டிருந்த மனுஷியா இது என்று அவளுக்குத் தோன்றியது. முழங்கால் முகவாயில் இடிக்கும் சின்ன நாற்காலி ஒன்றை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். டீச்சர் ஒரு பெண்ணைக் கூப்பிட்டார். முகவாயில் பிளாஸ்திரி ஒட்டியிருந்ததால் மூட்டை டீச்சர் மனதுக்குள் அவளுக்குப் பிளாஸ்திரி என்றே பெயர் வைத்துவிட்டாள். தேர்வுப் பக்கத்தைத் திறந்து கொடுத்தார்கள். படத்தைப் பார்த்து ஊகித்துவிடக் கூடாது என்பதற்காக அந்தப் பக்கத்தில் படமே இருக்காது. வெறும் பதிமூன்று சொற்கள்தான்:

யானை பேருந்தில் ஏறியது. ஓட்டுநர் இறங்கி ஓடினார். நடத்துநர் மட்டும் ஓடவில்லை. ‘பயணச்சீட்டு எங்கே?’ என்று கேட்டார்.

பிளாஸ்திரி ஒருமுறை கண்ணை ஓட்டினாள். பிறகு பக்கத்து வீட்டுச் சேதியைச் சொல்வதுபோல் ஆரம்பித்தாள்.

‘யானை பஸ்ல ஏறுச்சு. டிரைவரு எறங்கி ஓடுனாரு. கண்டக்டரு மட்டும் ஓடல. டிக்கெட் எங்கன்னு கேட்டாரு.’

சொல்லி முடித்ததும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மேசையைச் சுற்றி இருந்த மற்ற நாலு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். யானைக்கு அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா என்று பெரிய விவாதமே கிளம்பிவிட்டது. டீச்சரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

மூட்டை டீச்சர் சிரிக்கவில்லை. குறி போட்டுக்கொண்டிருந்தாள். யானைக்கு ஒரு டிக், மட்டும் என்ற சொல்லுக்கு ஒரு டிக். மீதிப் பதினொன்றும் பெருக்கல். டீச்சரின் தாளை வாங்கிப் பார்த்தால் அதிலும் அப்படியேதான் இருந்தது. விதியை மீறாமல், உண்மையாகப் போட்டிருக்கிறார். அதனால்தான் எண் படுத்துவிட்டது.

பிள்ளை புரிந்துகொண்டுதானே படிக்கிறாள் என்று டீச்சர் மெல்லக் கேட்டார். தான் எப்போதும் இப்படித்தான் பழக்குவேன், எழுத்தைப் பார்த்ததும் அது தன் வாய்ப் பேச்சாக மாறிவிட வேண்டும், அச்சு மொழி மூன்றாம் வகுப்பில் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும் என்றார். மூட்டை டீச்சருக்கு அன்றைக்கு அது மூன்றாவது பள்ளி. மதியச் சாப்பாடு பையிலேயே இருந்தது. தொண்டையில் முள் சிக்கினாற்போல் எரிச்சல்.

‘புரியறதுக்குத் தனி கட்டம் இருக்கு டீச்சர், நிறம் மாத்தறதுக்கு அது கணக்குல வராது. இது சொல்லுக்கான கட்டம். அச்சுல உள்ளபடி வரணும். விரலை வெச்சு ஒவ்வொரு சொல்லா நிறுத்திப் படிக்க வைங்க. மாத்திச் சொன்னா விடாதீங்க, திரும்பச் சொல்ல வைங்க.’

 டீச்சர் சரி என்று தலையாட்டி, நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டார். அந்தத் தலையாட்டலில் ஒரு நிம்மதி கூட இருந்தது. இத்தனை வருடத்துக்குப் பிறகு யாரோ ஒருவர் தப்பை விரல் வைத்துக் காட்டிவிட்டார்களே.

மூன்றாம் நாள், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளி. எண்களில் முதலிடம். சுவரெல்லாம் பச்சைப் பொட்டு. அங்கே பச்சைக்கு ஏறிவிட்ட, கண்ணாடி போட்ட ஒரு பையனிடம் அதே யானைப் பக்கத்தைக் கொடுத்துப் பார்த்தாள், ஒரு பிசிறு இல்லாமல் வாசித்தான். பதிமூன்றும் டிக். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே, பழக்க தோஷத்தில், நடத்துநர் என்றால் யார் என்று கேட்டாள்.

‘பாடம் நடத்தறவங்க. டீச்சர்.’

‘சரிடா, பஸ்ஸுக்குள்ள டீச்சர் என்ன பண்றாங்க?’

பையன் கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

‘எந்த பஸ்ஸு டீச்சர்?’

 அவனை அடுத்து நான்கு பேரிடம் கேட்டாள். ஒருவனுக்கு மட்டும் யானை எதிலோ ஏறியது என்று தெரிந்திருந்தது. ஓட்டுநர் ஓடினார் என்பதை ஓடுகிறவர் ஓடினார் என்று புரிந்துகொண்ட ஒரு பெண், அதில் என்ன ஆச்சரியம் என்பதுபோல் அவளைப் பார்த்தாள். எல்லோரும் பச்சை. அந்தப் பக்கம் பிளாஸ்திரி, படமே இல்லாத பக்கத்தில் நடத்துநர் என்ற எழுத்தைப் பார்த்துக் கண்டக்டர் என்று சொன்ன பெண், சிவப்பு. எழுத்தைப் படிக்காமல், பொருளைப் பிடிக்காமல், அந்தச் சொல் அவள் வாயில் எங்கிருந்து வரும்? ஆறு பள்ளிகளிலேயே ஒழுங்காக வாசிக்கத் தெரிந்த வகுப்பு அதுதான். அதைத்தான் அவள் எழுதிய ஒரு வரி தரையில் போட்டு அழுத்திக்கொண்டிருந்தது.

வேறு மொழியில் வந்த மூலக் கையேட்டை எடுத்துப் பார்த்தாள். அந்த மொழிக்காரர்கள் பேசுவதும் எழுதுவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அவர்களுக்கு அந்த விதி பொருந்தும். நமக்கு வீட்டில் ஒன்று, புத்தகத்தில் ஒன்று. இது தெரியாதவளா அவள்? பத்தொன்பது வருடம் ‘வந்துச்சு’ என்று பேசிவிட்டு ‘வந்தது’ என்று கரும்பலகையில் எழுதியவள். அந்த மதியம் தூக்கக் கலக்கத்தில் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

சொல்வதென்றால் ஆறு பள்ளிகளிலும் ஒரு வருடத் தாள்கள் குப்பைக்குப் போகும். அறுநூறு பிள்ளைகளை மறுபடி உட்கார வைத்துக் கேட்க வேண்டும். பதினெட்டு டீச்சர்களைக் கூட்டி, இத்தனை நாள் படித்துப் படித்துச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் தப்பு என்று சொல்ல வேண்டும். நினைத்தாலே அவளுக்கு நாக்கு தள்ளியது. முதல் வாரம் தொண்டை கட்டிக்கொண்டது, அது உண்மை. இரண்டாம் வாரம் ஆபீசர் மேடம் மற்ற மாவட்டத்துக்காரர்களைக் கூட்டி வைத்து அந்த ஐந்து பள்ளிகளின் எண்களைச் சுவரில் காட்டினார். அவளை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினார்கள். அந்த இடத்தில் எப்படி வாயைத் திறப்பது என்று மென்று விழுங்கினாள். மூன்றாம் வாரம் தப்பை ஒப்புக்கொண்டு ஆபீசருக்கு ஒரு கடிதம் எழுதினாள். எழுதிப் பையில் வைத்தாள். பையில் இருந்த மற்றவற்றோடு அதுவும் ஊர் சுற்றியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கணவரிடம் சொன்னாள். அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டே இரண்டு சட்டைகளை மடித்தார்.

‘நான் மருந்து மாத்திக் குடுத்துட்டேன்னு வெச்சுக்க. தெரிஞ்சப்புறம் எத்தனை வாரம் பேசாம இருக்கலாம்?’

அவளுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. ஊசி குத்துவதுபோல் பேச இவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று முறைத்துவிட்டு எழுந்துபோய், கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். அவர் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் கோபத்துக்குக் காரணம். பிள்ளைகளுக்கு மூன்று வாரத்தில் என்ன ஆகிவிடப்போகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஆபீசர் வருவதற்கு முந்தின நாள் அவளால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. முதலில் அந்த டீச்சரிடம் சொல்லிவிட வேண்டும், நாளைக்கு ஆபீசர் முன்னால் வைத்தே ஒப்புக்கொள்ள வேண்டும், கடிதத்தையும் கொடுத்துவிட வேண்டும் என்று முடிவெடுத்து, பஸ்ஸைப் பிடித்து, கடைசிப் பாடவேளைக்குப் போய்ச் சேர்ந்தாள்.

வகுப்பு அமைதியாக இருந்தது. கையேட்டில் போட்டிருந்ததே, அப்படி ஒரு அமைதி. டீச்சர் அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர எழுந்து வந்தார். கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கருத்துப்போயிருந்தது. மூன்று வாரமாகப் பள்ளி விட்ட பிறகும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தாள்கட்டை அவள் கையில் வைத்தார். இருபத்து மூன்று பேர் சிவப்பைத் தாண்டியிருந்தார்கள்.

‘எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்தது டீச்சர். நீங்களே ஒரு தடவை கேட்டுப் பாருங்க.’

பிளாஸ்திரி வந்தாள். முகவாயில் பிளாஸ்திரி இல்லை, காயம் ஆறி ஒரு வெள்ளைக் கோடு மட்டும் இருந்தது. முதல் சொல்லுக்குக் கீழே விரலை வைத்தாள். யானை. நிறுத்தம். பேருந்தில். நிறுத்தம். ஏறியது. குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நடத்துநர் வந்தார், ஓடவில்லை என்று வந்தது, பயணச்சீட்டு வந்தது. கேட்டார் என்று முடித்துவிட்டு விரலை எடுத்து இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். சிரிக்கவில்லை. மேசையைச் சுற்றி யாருமே சிரிக்கவில்லை.

மூட்டை டீச்சர் குனிந்து, முடிந்தவரை செல்லமாகக் கேட்டாள்.

‘ஏண்டா கண்ணு, யானை பஸ்ல ஏறினப்போ கண்டக்டர் என்ன கேட்டாரு?’

பெண் விறைத்துப்போய் உட்கார்ந்தாள்.

‘பஸ் இல்ல டீச்சர். பேருந்து.’

விரலை மறுபடி முதல் சொல்லுக்குக் கீழே கொண்டுபோய் வைத்தாள்.

மூட்டை டீச்சர் இரண்டு பைகளையும் தரையில் வைத்தாள். பேச ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. அந்த விதியை எழுதியது தான்தான் என்றாள். நம் பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையில் இருக்கிற தூரத்தை மறந்து எழுதிவிட்டேன், நீங்கள் முன்னால் செய்துகொண்டிருந்ததுதான் சரி, இந்த ஆறு பள்ளிகளிலும் வாசிக்கத் தெரிந்த வகுப்பு உங்களுடையதுதான், நாளைக்கு ஆபீசரிடம் நானே சொல்கிறேன், உங்கள் வகுப்பை யாரும் தொட மாட்டார்கள் என்றாள். சொல்லச் சொல்லக் குரல் கம்மிக்கொண்டே போய்க் கடைசியில் வெறும் காற்றாக வந்தது.

டீச்சர் தாள்கட்டை அவள் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தார். மூலைகளை ஒழுங்குபடுத்தினார்.

‘எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?’

‘மூணு வாரம் ஆச்சு.’

‘மூணு வாரம்’ என்று டீச்சர் திருப்பிச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. கணக்குப் போட்டுப் பார்க்கிறவர்போல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பிள்ளைகளுக்குக் கேட்காமல் சொன்னார்.

‘போன வாரம் இவளை அடிச்சிட்டேன் டீச்சர். இருபத்திரண்டு வருஷத்துல கை நீட்டினதில்ல. எத்தனை தடவை சொன்னாலும் பஸ்ஸு பஸ்ஸுன்னே படிச்சா. எனக்குப் புத்தக ரூம்தான் கண்ணு முன்னாடி நின்னுச்சு. கன்னத்துல ஒண்ணு வெச்சுட்டேன். அதுக்கப்புறம் அவ மாத்திச் சொல்லவே இல்ல.’

 தன் அலுப்பை மட்டும்தான் மூட்டை டீச்சர் மூன்று வாரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அலுப்புக்கு ஒரு குழந்தையின் கன்னம் பதில் சொல்லியிருக்கிறது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள்.

‘எங்கிட்ட வேணாம்’ என்றார் டீச்சர். ‘அவகிட்ட சொல்லுங்க.’

மூட்டை டீச்சர் தரையிலேயே உட்கார்ந்தாள், முகத்துக்கு முகம் நேராக இருக்கட்டும் என்று. கிட்டத்தட்டக் கிசுகிசுப்பாகத்தான் பேச முடிந்தது.

‘அன்னைக்கு நீ பஸ்ஸுன்னு படிச்சது தப்பில்லம்மா. சரியாத்தான் படிச்ச. நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன். இனிமே நீ பஸ்ஸுன்னும் சொல்லலாம்.’

பெண் அவளைப் பார்க்கவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம், தாள்கட்டின்மேல் இருந்த டீச்சரின் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் அந்தக் கையை மெல்ல மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டார்.